வேலையிடத் தொழில்நுட்பம் தொழிலாளரை என்ன செய்கிறது? பல்கலைக்கழக ஆய்வைத் தலைமையேற்று நடத்த முழுமையான வழிகாட்டி

வேலையிடத் தொழில்நுட்பத்தைப் பற்றிய ஆய்வு முன்மொழிவுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகின்றன: "செயற்கை நுண்ணறிவால் வேலைகள் பறிபோகுமா?" கேட்க எடுப்பாக இருக்கும், நிதி கொடுப்பவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு பல்கலைக்கழகக் குழு மூன்று வருடம் மாடாய் உழைத்தாலும் அதற்கு விடை சொல்ல முடியாது. அந்தக் குழுவால் சொல்ல முடிந்தது வேறு: இந்தக் கருவி, இந்த வேலையில், இந்தச் சம்பள முறையோடு சேர்ந்து, யாரிடம் இருந்த அதிகாரத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, அதில் தொழிலாளருக்கு வந்தது என்ன, போனது என்ன. இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் பல, கேள்வியை இந்த அளவுக்குக் குறுக்கிக்கொண்டவை.

இப்படியொரு ஆய்வுக்கு முதல்முறை தலைமையேற்கும் பேராசிரியர்களுக்கும், முனைவர் பட்ட ஆய்வாகவே இதை எடுத்திருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். எல்லாப் படிக்கும் ஒரே அளவு நேரம் தேவைப்படாது. என்னைக் கேட்டால் நான்காவது படிக்குத்தான் அதிகம் ஒதுக்குவேன்.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

ஒரே கருவி இரண்டு இடங்களில் ஒரே விளைவைத் தரும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினால் ஆரம்பத்திலேயே கோணல். இதற்கு ஸ்டீபன் பார்லி 1986-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு மருத்துவமனைகள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சி.டி. ஸ்கேனர் வந்தது. அவர் இரண்டு இடங்களிலும் மாதக்கணக்கில் கூடவே இருந்து, டாக்டரும் டெக்னீஷியனும் பேசிக்கொள்வதைக் குறித்துக்கொண்டே போனார்.

ஒரு மருத்துவமனையில் டெக்னீஷியன்களுக்கு இயந்திரம் நன்றாகத் தெரியும், டாக்டர்களுக்கு அது புதிது. டாக்டர் கேட்க, டெக்னீஷியன் சொல்லிக்கொடுக்கும் நிலை. இரு தரப்புக்கும் சங்கடம். கொஞ்ச நாளில் டாக்டர்கள் ஸ்கேன் அறைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டு தங்கள் அறையிலேயே இருந்துவிட்டார்கள். டெக்னீஷியன்கள் தாங்களாகவே முடிவெடுக்கத் தொடங்கினார்கள். இன்னொரு மருத்துவமனையிலோ டாக்டர்கள் கூடவே நின்று உத்தரவு போட்டார்கள், போட்டதை மாற்றினார்கள். இயந்திரத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. யாருக்கு முன்பே என்ன தெரிந்திருந்தது, யார் யாரிடம் தயங்காமல் கேட்க முடிந்தது என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே உங்கள் கேள்வியில் நான்கு விஷயங்கள் இருக்கவேண்டும்: எந்தக் கருவி, எந்த வேலைப் பகுதி, முன்பு யார் எடுத்த முடிவு இப்போது எங்கே எடுக்கப்படுகிறது, தொழிலாளரிடம் எதை அளக்கப்போகிறீர்கள். "கிடங்குகளில் ஆட்டோமேஷனின் தாக்கம்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "கையடக்க ஸ்கேனர் வழியாக வேகக் கணக்கு வந்தபின், பொருள் எடுப்பவர்களின் இடைவேளையும் உடல்வலியும் மணிக்கூலியும் எப்படி மாறின?" என்று கேட்டால் அடுத்து என்ன செய்வதென்று குழுவுக்குத் தெரியும்.

"வேலைப் பகுதி" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் முர்னேன் மூவரும் 2003-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஒரு வேலையைப் பல சிறு பணிகளின் கட்டாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கணினி முழு வேலையையும் ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு போவது அபூர்வம். அந்தக் கட்டிலிருந்து சில பணிகளை உருவும், மிச்சம் இருப்பதன் எடையை மாற்றும். கருவிகளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். தரவு திரட்டுவது, கண்காணிப்பது, வேலையைப் பங்கிட்டு மதிப்பெண் போடுவது, பணியையே எடுத்துச் செய்வது என ஒவ்வொன்றும் தனி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி தொழிலாளர் மையத்தில் அனெட் பெர்ன்ஹார்ட்டும் சக ஆய்வாளர்களும் 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, கண்காணிப்பையும், மென்பொருளே வேலையைப் பங்கிட்டு மதிப்பிடும் அல்காரிதம் மேலாண்மையையும் மையத்துக்குக் கொண்டுவந்தது. வேலை போகுமா என்ற பேச்சில் முழுகிப்போய், வேலையில் இருப்பவர்களுக்கு நடப்பதைக் கவனிக்காமல் விட்ட குழுக்கள் படிக்கவேண்டிய அறிக்கை அது.

படி 2: எந்த வாசல் வழியாக உள்ளே போவது

வாசல்கள் மூன்று. நிறுவனம், தொழிற்சங்கம், நேரடியாகத் தொழிலாளர். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

நிறுவனத்தின் வழியாகப் போனால் தரவு கொட்டும். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழு, சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் வீட்டிலிருந்து வேலை பற்றிச் சோதனை நடத்தியது. ஒவ்வொரு அழைப்பும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் இருந்தது. அது எப்படி வாய்த்தது தெரியுமா? அந்த நிறுவனத்தின் இணை நிறுவனர் ஜேம்ஸ் லியாங் அப்போது ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவர். கட்டுரையின் இணையாசிரியரும் அவரே. எல்லாருக்கும் இப்படி ஒரு மாணவர் அமையமாட்டார். மற்றவர்கள் எச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இந்த வாசலின் விலை: தன்னிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பும் நிறுவனம்தான் பெரும்பாலும் கதவைத் திறக்கும். மோசமான இடங்கள் உங்கள் மாதிரிக்குள், அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கூட்டத்துக்குள், வரவே வராது.

சங்கத்தின் வழியாகப் போனால் ஆட்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் சங்கம் இருக்கும் இடங்களில் நிலைமையே வேறு, அதிருப்தி உள்ளவர்கள் முதலில் வருவார்கள். அதை மறைக்காமல் எழுதினால் குற்றமில்லை.

நேரடியாகப் போவது கடினம், ஆனால் சுதந்திரம் அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரன் லெவி, லாரி ஓட்டுநர்கள் மீதான மின்னணுக் கண்காணிப்பை ஆராய நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களுக்கே போய்ப் பேசினார். ஐரோப்பாவில் இன்னொரு வழியும் இருக்கிறது. அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தரவைத் தொழிலாளரே கேட்டு வாங்கலாம். ஊபர், ஓலா ஓட்டுநர்கள் இதற்காக வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெருமளவு வென்றார்கள். தொழிலாளரே தரவை வாங்கி விருப்பப்பட்டு ஆய்வாளருக்குக் கொடுத்தால், நிறுவனத்தின் தயவு தேவைப்படாது.

முடிந்தால் இரண்டு வாசல்களைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். நிறுவனப் பதிவு ஒன்று சொல்லும், ஆட்கள் வேறொன்று சொல்வார்கள். அந்த இடைவெளியே பல சமயம் உங்கள் முக்கியக் கண்டுபிடிப்பாக இருக்கும்.

படி 3: ஒப்பந்தமும் ஒப்புதலும், களத்தில் கால் வைக்கும் முன்பே

நிறுவனத்தோடு கைகுலுக்கிய உற்சாகத்தில் ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகச் சட்டப்பிரிவிடம் விட்டுவிடாதீர்கள். அவர்கள் பார்ப்பது காப்புரிமையை. நீங்கள் பார்க்கவேண்டியவை வேறு.

முதலாவது, வெளியிடும் உரிமை முழுக்க உங்களுடையது. வணிக ரகசியம் ஏதாவது கசிகிறதா என்று பார்க்க நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட நாட்கள் கொடுக்கலாம், முப்பது நாள் போதும். முடிவை மாற்றவோ நிறுத்தவோ அதிகாரம் கொடுக்கக்கூடாது. இரண்டாவது, தனி ஆளின் பதில் எந்த நிலையிலும் நிறுவனத்துக்குப் போகாது. மூன்றாவது, நிறுவனம் நடுவில் விலகினாலும் அதுவரை திரட்டிய தரவு உங்களிடமே இருக்கும். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளாத நிறுவனத்தை மரியாதையாக விட்டுவிட்டு வாருங்கள். பின்னால் வரும் தலைவலியை ஒப்பிட்டால் ஆறு மாதத் தாமதம் ஒன்றுமே இல்லை.

இந்தியாவில் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு தருகிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துத் தனியொருவர் மீது எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. நிறுவனம் "யார் யார் மந்தம் என்று ஒரு பட்டியல் மட்டும் கொடுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டால், சட்டத்தைக் காட்டிவிடலாம்.

ஒப்புதல் வாங்குவது இந்தத் துறையில் தனிக்கலை. சூப்பர்வைசர் படிவத்தை நீட்டினால் அது ஒப்புதல் ஆகாது. யார் மறுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாதபடி ஏற்பாடு செய்யவேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை கொடுங்கள். நிரப்பியும் தரலாம், வெறுமையாக ஒட்டியும் தரலாம், பெட்டியில் போடும்போது வெளியே வித்தியாசம் தெரியாது. நேர்காணலைத் தொழிற்சாலைக்குள் வைக்காதீர்கள். நிறுவனத்தின் வைஃபையிலும் நிறுவனம் கொடுத்த போனிலும் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லாதீர்கள். கண்காணிப்பைப் பற்றி ஆராயப்போய், கண்காணிக்கப்படும் கருவியிலேயே பதில் வாங்கும் குழுக்களும் இருக்கின்றன.

படி 4: கேள்வித்தாள் எழுதும் முன் கூடவே இருந்து பாருங்கள்

ஈதன் பெர்ன்ஸ்டைன் 2012-ல் வெளியிட்ட ஆய்வை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தென் சீனாவில் பெரிய மொபைல் போன் தொழிற்சாலை ஒன்று. தளம் முழுக்கத் திறந்தவெளி, எந்த வரிசையில் என்ன நடக்கிறதென்று மேலாளர்களுக்கு எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். வெளிப்படைத்தன்மை கூடினால் உற்பத்தி கூடும் என்பது அங்கே எழுதப்படாத வேதம். ஹார்வர்டில் படித்துவந்த, சீனாவில் பிறந்து வளர்ந்த மாணவர்கள் சிலரை அவர் சாதாரணத் தொழிலாளர்களாக வரிசையில் உட்காரவைத்தார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர்கள் ஆய்வாளர்கள் என்று தெரியாது.

மாணவர்கள் பார்த்தது இது. பழைய ஆட்கள் புதிதாக வந்தவர்களுக்கு வேலையை வேகமாக, சுலபமாக, பத்திரமாக முடிக்கும் சின்னச் சின்ன உத்திகளைக் கற்றுக்கொடுத்தார்கள். கையோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்கள்: மேலாளரோ வாடிக்கையாளரோ வரும்போது இப்படிச் செய்யாதே, திட்டுவார்கள். ஆள் வந்தால் விதிப்புத்தகப்படி மெதுவாக வேலை, ஆள் போனால் தங்கள் முறைப்படி வேகமாக வேலை. அதிகாரிகள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் பார்த்ததெல்லாம் அவர்களுக்காகப் போடப்பட்ட நாடகம்.

தொழிலாளர் ஒருவர் போகிற போக்கில், சுற்றித் திரை போட்டால் நன்றாக இருக்கும் என்று சொன்னதை ஒரு மாணவர் குறித்துக்கொண்டு வந்தார். பெர்ன்ஸ்டைன் அதையே சோதனையாக்கினார். சில வரிசைகளைச் சுற்றி, மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றிப் போடுவது போன்ற திரையைத் தொங்கவிட்டார். அந்த வரிசைகளில் செயல்திறன் 10 முதல் 15 சதவீதம் வரை உயர்ந்தது.

உங்களுக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கண்காணிப்புக் கருவி தரும் தரவு நடந்ததன் பதிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. கருவிக்குக் காட்டப்பட்டது எதுவோ அதன் பதிவு அது. இன்னொன்று உங்களையே தொடும். கையில் நோட்டுடன் நிற்கும் ஆய்வாளரும் தொழிலாளரின் கண்ணுக்கு இன்னொரு மேலதிகாரிதான். முதல் வாரத்தில் உங்களுக்குக் கிடைப்பது நாடகமாகவே இருக்கும். அடையாளத்தை மறைத்து ஆள் அனுப்பும் முறைக்குப் பெரும்பாலான அறநெறிக் குழுக்கள் இன்று எளிதில் அனுமதி தருவதில்லை, தராததும் நியாயமே. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது நேரம் மட்டும். பேச்சு சகஜமாகும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

போகும்போது எதைப் பார்ப்பது? கருவி சரியாக ஓடும் நேரத்தைவிட, சொதப்பும் நேரத்தைப் பாருங்கள். ஸ்கேனர் பார்கோடைப் படிக்க மறுத்தால் யார் என்ன செய்கிறார்? அந்த நிமிடங்கள் யார் கணக்கில் ஏறுகின்றன? ஷிஃப்டுக்கு முன் லாகின் ஆக எவ்வளவு நேரம் போகிறது, அதற்குச் சம்பளம் உண்டா? ஆப் காட்டும் வழியை விட்டு டெலிவரி ஊழியர் விலகினால் என்ன ஆகிறது? "இந்தச் சாஃப்ட்வேர் உங்களுக்குப் பிடிக்கிறதா?" என்று கேட்டால் "நல்லாதான் இருக்கு சார்" என்று முடிந்துவிடும். "கடைசியா எப்ப இது தப்பா கணக்குப் போட்டுது? அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். பேச்சு அங்கேதான் திறக்கும்.

படி 5: எதை அளப்பது

நிறுவனத்தின் டாஷ்போர்டில் இருப்பது உற்பத்தித்திறன். அது சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகவே கட்டுரைகளும் அதோடு நின்றுவிடுகின்றன. சிட்ரிப் சோதனையின் அழகு, அந்த எண்ணைப் பிரித்துக் காட்டியதில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. அதில் சுமார் 9 சதவீதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து அதிக நிமிடம் வேலை செய்ததால் வந்தது. சுமார் 4 சதவீதம் மட்டும் நிமிடத்துக்கு அதிக அழைப்புகளை முடித்ததால் வந்தது. வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. அதே செயல்திறன் உள்ளவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்திருந்தது. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். 13 சதவீதத்தோடு நிறுத்தியிருந்தால் இதில் எதுவும் வெளியே வந்திருக்காது.

எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்ஸி ரேமண்ட் 2023-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்ப்போம். வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் 5,179 பேர். பதில் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவி. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் அனுபவம் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம், கைதேர்ந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கருவி பழகியதே கைதேர்ந்தவர்களின் உரையாடல்களிலிருந்துதான். அப்படியானால் அவர்களுக்கு அதற்கு ஏதாவது கிடைத்ததா? கூடிய உற்பத்தி சம்பளத்தில் தெரிந்ததா? அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல அமைக்கப்பட்ட ஆய்வு அல்ல அது. அடுத்த குழு இங்கிருந்து தொடங்கலாம்.

என் பட்டியல் இது: சம்பளம் இல்லாமல் போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட உண்மையான மணிக்கூலி, வேகம், வலி, காயம், தானாக முடிவெடுக்கும் இடம் எவ்வளவு மிச்சம், ஷிஃப்ட் அட்டவணை எத்தனை நாள் முன்பு தெரிகிறது, கற்ற திறன் வேறு வேலைக்கு உதவுமா, எத்தனை பேர் விட்டுப்போனார்கள். கடைசியில் உள்ளதை எல்லோரும் மறக்கிறார்கள். இன்று வேலையில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், தாங்க முடியாமல் போனவர்களின் கதை விட்டுப்போகும். போன ஆறு மாதத்தில் விலகியவர்களையும் தேடிப்பிடியுங்கள்.

சம்பள முறையைத் தனியாக அழுத்திச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களின் வண்டியோட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி 2017 டிசம்பரில் கட்டாயமானது. களைப்பில் ஓட்டி விபத்து நடப்பதைக் குறைப்பது நோக்கம். அலெக்ஸ் ஸ்காட், ஆண்ட்ரூ பால்த்ராப், ஜேசன் மில்லர் மூவரும் அரசுத் தரவை ஆராய்ந்தார்கள். நேர விதிமீறல் குறைந்தது; விபத்து குறையவில்லை; சிறு நிறுவன ஓட்டுநர்களிடம் வேகமீறல் போன்ற ஆபத்தான ஓட்டுதல் கூடியது. அங்கே ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு மைல் கணக்கில்தான் கூலி. விதித்த மணிநேரத்துக்கு மேல் ஓட்டமுடியாதபடி கருவி கட்டிப்போட்டால், இருக்கும் நேரத்துக்குள் அதிக மைல் ஓடவேண்டும். கருவியை மட்டும் ஆராய்ந்து கூலி முறையை விட்டுவிட்டால் இந்த முடிவு புதிராகவே நின்றிருக்கும்.

படி 6: எதோடு ஒப்பிடுவது

"கருவி வந்தபின் காயங்கள் கூடின" என்று சொன்னால் முதல் கேள்வியே "வராமல் இருந்திருந்தால் கூடியிருக்காதா?" என்பதுதான். பதில் தயாராக இருக்கவேண்டும்.

மாற்றம் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுதான் சுத்தமான வழி. சிட்ரிப்பில் பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வீடு, ஒற்றைப்படை என்றால் அலுவலகம். யாரும் குறைசொல்ல முடியாத எளிமை. அமெரிக்காவின் கேப் துணிக்கடைகளில் ஷிஃப்ட் அட்டவணையை நிலைப்படுத்தும் சோதனையை ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர் நடத்தினார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 28 கடைகள், 2015 நவம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை. கடை கடையாகப் பிரித்தார்கள். விற்பனை 7 சதவீதம் உயர்ந்தது. இங்கே ஒரு கணக்கு நுணுக்கம்: கடை கடையாகப் பிரித்தால் உங்கள் மாதிரியின் அளவு நடைமுறையில் 28-ஐ ஒட்டித்தான். ஆயிரக்கணக்கில் ஊழியர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு புள்ளியியல் கணக்குப் போட்டால், இல்லாத துல்லியம் தெரியும். தொடங்கும் முன்பே ஒரு புள்ளியியலாளரிடம் காட்டிவிடுங்கள்.

குலுக்க வாய்ப்பில்லை என்றால், கருவி கட்டம் கட்டமாக வரும் இடத்தைத் தேடுங்கள். முதலில் கிடைத்தவர்களையும் இன்னும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடலாம். பிரின்யோல்ஃப்சன் குழு செய்ததும் அதுதான். யாருக்கு முதலில் கொடுத்தார்கள், ஏன் என்று மட்டும் நிறுவனத்திடம் துருவித் துருவிக் கேளுங்கள். தேங்கிநின்ற பிரிவுக்கு முதலில் கொடுத்திருந்தால் ஒப்பீடு ஆட்டம் கண்டுவிடும்.

ஊரளவில் பார்க்க விரும்புபவர்களுக்கு டேரன் அசெமோக்லு, பாஸ்குவல் ரெஸ்ட்ரெப்போ 2020-ல் வெளியிட்ட ரோபோ ஆய்வு முன்மாதிரி. ஆயிரம் தொழிலாளருக்கு ஒரு ரோபோ கூடினால் மக்கள்தொகையில் வேலையில் இருப்போர் பங்கு 0.2 சதவீதப் புள்ளியும் கூலி 0.42 சதவீதமும் குறைந்ததாக அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த முறைக்கு நாடு முழுவதற்கும் பல வருடத் தரவு வேண்டும். முதல் ஆய்வுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

படி 7: ஆய்வுக் கணக்கெடுப்பு

ஆட்களை எங்கே பிடிப்பது என்ற பழைய சிக்கலுக்கு சமூக ஊடக விளம்பரம் ஒரு வழி காட்டியிருக்கிறது. ஹார்வர்டின் டேனியல் ஷ்னைடரும் சான்ஃபிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டன் ஹார்க்னெட்டும், பெரிய சில்லறைக் கடை, உணவக ஊழியர்களுக்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் காட்டிப் பதில் திரட்டும் முறையை வளர்த்தார்கள். சிகாகோ இலினாய் பல்கலைக்கழகக் குழு 2023-ல் இதே போன்ற முறையில் 42 மாநிலங்களின் 451 அமேசான் கிடங்குகளில் இருந்து 1,484 பேரின் பதிலைப் பெற்றது. 41 சதவீதம் பேர் அங்கே வேலை செய்யும்போது காயம்பட்டதாகச் சொன்னார்கள். வலி அல்லது களைப்பால் முந்தைய ஒரு மாதத்தில் சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்ததாக 69 சதவீதம் பேர் சொன்னார்கள். நிறுவனத்தின் வாசல் வழியாகப் போயிருந்தால் இந்த எண்கள் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

விளம்பரத்தின் வாசகத்தில் கவனம் தேவை. "வேலையில் காயமா?" என்று போட்டால் காயம்பட்டவர்களே வருவார்கள். "இங்கே வேலை செய்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகப் போடுங்கள். பரிசுக் கூப்பன் இருந்தால் போலிகளும், தானாகவே படிவம் நிரப்பும் பாட் நிரல்களும் படையெடுக்கும்; வேலை செய்தவருக்கு மட்டும் தெரிந்த இரண்டு கேள்விகளை நடுவில் வையுங்கள். வயது, பாலினம், இனம் ஆகியவற்றில் உங்கள் மாதிரி அரசுக் கணக்கெடுப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து எடையிடுங்கள், அதாவது குறைவாக வந்த பிரிவினரின் பதிலுக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுங்கள்.

மொழி இன்னொன்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆய்வு செய்பவர் தமிழில் மட்டும் கேள்வித்தாள் வைத்திருந்தால், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருப்பவர்கள் அப்படியே விட்டுப்போவார்கள். மொழிபெயர்த்ததைத் தொழிலாளரிடமே சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "உங்கள் பணியிடத் தன்னாட்சியை மதிப்பிடுக" என்பது எந்த மொழியிலும் யாருக்கும் புரியாது.

படி 8: குழு

குறைந்தது மூன்று வகை ஆட்கள் வேண்டும்: எண் தெரிந்தவர், களம் தெரிந்தவர், அந்தக் கருவி உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்த கணினி ஆள். அப்புறம் நான்காவதாக, அந்த வேலையையே செய்தவர். இது புது யோசனை இல்லை. பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி டேவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து எரிக் டிரிஸ்ட்டுடன் சேர்ந்து 1951-ல் எழுதிய கென் பாம்ஃபோர்த், சுரங்கத்தில் வேலை செய்தவர். முன்பு சிறு குழுவே ஒரு பகுதியின் முழு வேலையையும் பார்த்தது. இயந்திரமுறை அதை ஷிஃப்ட் ஷிஃப்டாக வெட்டியது. ஒரு ஷிஃப்ட் விட்டுவைத்த குளறுபடி அடுத்த ஷிஃப்டின் தலையில் விழுந்தது, யாரும் யாரையும் பார்ப்பதே இல்லை, வேலைக்கு வராதவர்கள் கூடிப்போனார்கள். இயந்திரத்தின் குறை எது, வேலையைப் பிரித்ததன் குறை எது என்று பிரித்துச் சொல்ல, கீழே இறங்கி வேலை பார்த்த ஒருவர் குழுவில் இருந்தது சும்மா அல்ல. அவரை "தகவலாளர்" என்று நன்றி உரையில் போட்டுவிட்டு நகராமல், சம்பளம் கொடுத்துக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

ஆய்வு தொடங்கும் முன்பே என்ன அளக்கப்போகிறீர்கள், எப்படிக் கணக்கிடப்போகிறீர்கள் என்று பொதுவில் பதிந்துவையுங்கள். இந்தத் துறையில் கட்டுக்கதைகள் சுலபமாக வேரூன்றும். 1920-களில் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது என்ற கதையைத் தலைமுறை தலைமுறையாக மேலாண்மை வகுப்புகளில் சொல்லிவந்தார்கள். ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் பழைய தரவையே தேடிப்பிடித்து 2011-ல் மறுபடி ஆராய்ந்தபோது, கதையில் சொன்ன அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்கள் தரவை யாராவது பின்னாளில் இப்படித் தோண்டுவார்கள் என்று நினைத்தே எழுதுங்கள்.

ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் எண்ணைத் தனியாக அச்சிடாதீர்கள். "இரவு ஷிஃப்டில் உள்ள பெண் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்" என்று எழுதினால் அந்த இடத்தில் எல்லோருக்கும் அது யாரென்று தெரிந்துவிடும்.

இதழுக்கு அனுப்பும் முன் வரைவைத் தொழிலாளரிடம் கொண்டுபோங்கள். அறுபது பக்கத்தை அல்ல. ஒரு வரைபடம், இரண்டு பக்கம், அவர்கள் மொழியில். இரண்டு ஷிஃப்டுக்கு இடைப்பட்ட நேரம் பார்த்து அரைமணி நேரக் கூட்டம் போடுங்கள். "இது சரியில்லை, அந்த மாசம் லைன் நின்னுபோச்சு" என்று யாராவது ஒருவர் சொல்வார், உங்கள் மொத்தக் கணக்கையும் திரும்பப் போடவைக்கும் தகவலாக அது இருக்கும். மறுத்துச் சொன்னவற்றை எழுதிவைத்துப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கூட்டத்துக்கான செலவை முதல் பட்ஜெட்டிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள்: மண்டப வாடகை, டீ, போக்குவரத்து, நேரம் ஒதுக்கி வருபவர்களுக்கு அதற்கான கூலி. கடைசி மாதத்தில் போய்க் கேட்டால் பல்கலைக்கழக நிதிப்பிரிவு எந்தத் தலைப்பில் கொடுப்பதென்று கோப்பைச் சுற்றவிட்டுவிடும்.